பஸ் ஸ்டாண்டு லவுஞ்சும் விசில் இல்லாத குக்கரும்

சொக்கலிங்கபுரத்துக்கு ஏரோப்ளேன் வராது. புளியங்குடிக்கும் கடையநல்லூருக்கும் நடுவில், மலையைப் பார்த்தபடி கிடக்கும் அந்த ஊருக்கு டவுன் பஸ் வரும், ராஜபாளையம் வண்டி வரும், எலுமிச்சங்காய் ஏற்றக் கேரளத்து லாரி வரும், சீசன் காலத்தில் குற்றாலம் போகிற வேன் ஒன்றிரண்டு வழி தவறி வரும். ஆகாயத்தில் போகிறது எதுவும் இறங்கி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. அப்பேர்ப்பட்ட ஊரின் பஸ் ஸ்டாண்டுக்குள், கழிப்பறைக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் இடையில், ஒரு தை மாசத்துக் காலையில் விமான நிலைய லவுஞ்ச் ஒன்று வந்து நின்றது என்றால், அதற்குப் பிரமநாயகியின் வயிற்றெரிச்சல்தான் காரணம் என்று ஊரே சொன்னது. பிரமநாயகியும் இல்லையென்று சொல்லவில்லை.

பிரமநாயகி, பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் உலகநாதனின் சம்சாரம். அவள் கைக்குச் சிக்காமல் ஒரு இனாம் அந்த ஊரைத் தாண்டிப் போனதில்லை. காய்க்காரன் கொசுறாகப் போடும் கறிவேப்பிலையை அவள் பார்த்த பார்வையில் அவனே இன்னொரு கொத்தை எடுத்துப் போட்டுவிடுவான். கல்யாண வீடுகளில் கொடுக்கிற தாம்பூலப் பைகளைப் பிரித்துத் தைத்து வீட்டு ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டிருந்தாள். ஆகையால் அந்த வீட்டில் வெயில் உள்ளே வரும்போதெல்லாம் யாராவது ஒரு ஜோடியை வாழ்த்திக்கொண்டேதான் வரும்.

அவள் கையில்தான் வங்கிக்காரத் தம்பி ஒருவன் ராஜமுத்திரை கார்டு என்ற கறுப்புக் கிரெடிட் கார்டைக் கொண்டுவந்து கொடுத்தான். பாவம், அவனுக்குத் தெரியாது. மற்றவர்கள் கார்டை வாங்கினால் தேய்ப்பார்கள். பிரமநாயகி அதைக் குடும்பத்தில் ஒரு ஆளாகவே சேர்த்துக்கொண்டாள். எந்தக் கிழமை எந்தக் கடையில் தேய்த்தால் பாயிண்டு இரட்டிப்பாக விழும், எது மாசக் கடைசிக்குள் காலாவதியாகும் என்பதெல்லாம் பிரதோஷம், சஷ்டி மாதிரி அவள் வாயில் தயாராக இருந்தது. தன் வீட்டுச் செலவு போதாதென்று தெரிந்ததும் ஊர்ச் செலவில் இறங்கினாள். பெட்ரோல் பங்கில் போய் நிற்பாள், வண்டியே இல்லாமல். ஜவுளிக்கடையில் யார் பை திறந்தாலும் குறுக்கே விழுவாள். என் கார்டில் தேய்த்துக்கொள்ளுங்கள், ரூபாயை என் கையில் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லையே என்பாள். தெருவின் கரண்டு பில், கேஸ் சிலிண்டர், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துப் பணம், அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சீரியல் விளக்கு அட்வான்ஸ் எல்லாமே அந்தக் கார்டு வழியாகத்தான் போயின. அம்மனுக்குப் புண்ணியம், பிரமநாயகிக்குப் பாயிண்டு.

பாயிண்டுகள் குடையாக வந்தன, ரொட்டியைக் கரியாக்கும் டோஸ்டராக வந்தன, சக்கரம் வைத்த பெட்டியாக வந்தன. வெளியூர் எங்கும் போகாத உலகநாதன் அந்தப் பெட்டியில்தான் ரேஷன் அரிசியை உருட்டிக்கொண்டு வந்தார். ஆனால் ஒன்று மட்டும் அவளுக்கு எட்டவில்லை. மூன்று மாசத்துக்கு இரண்டு தடவை விமான நிலைய லவுஞ்சில் சும்மா உட்கார்ந்து சாப்பிடலாமாம், கூட ஒரு ஆளையும் இலவசமாகக் கூட்டிப் போகலாமாம். எந்த விமான நிலையம் என்று கேட்டாள். பக்கத்தில் என்றால் மதுரை, இல்லாவிட்டால் திருவனந்தபுரம் என்றான் தம்பி. அங்கே போய்வரப் பஸ் செலவு, போனாலும் விமானச் சீட்டு இல்லாமல் உள்ளே விட மாட்டான். தன் பேரில் ஒரு இனாம் எங்கேயோ கேட்பாரற்றுக் கிடக்கிறது என்ற நினைப்பு அவளைத் தின்றது. சோறு இறங்கவில்லை. வாரம் தவறாமல் வங்கிக்குப் போய், என் லவுஞ்சை என் ஊருக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் ஏன் கொடுத்தீர்கள் என்று மானேஜர் முன்னால் உட்கார்ந்தாள். எழுதிப் போட்டிருக்கிறோம் அம்மா என்று, அவளை எழுப்பி அனுப்புவதற்காக அவர் சொன்னார்.

எழுதிப் போட்டாரோ இல்லையோ, அது வந்துவிட்டது. காலையில் முதல் வண்டிக்கு விசில் கொடுக்க வந்த கண்டக்டர்தான் முதலில் பார்த்தார். கண்ணாடிக் கதவு, உள்ளே வெளிச்சம், வாசலில் கவுண்டர், கவுண்டரில் கொண்டை போட்டு ஊதாச் சேலை கட்டிய ஒரு பெண். கழிப்பறைக்கு எது வழி என்று அவர் கேட்க, அவள் புன்னகையோடு இடது பக்கம் கையைக் காட்டினாள். அவரும் போய்விட்டு வந்து விசில் கொடுத்தார்.

பிரமநாயகி வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு ஓடினாள். கவுண்டர்ப் பெண் கார்டு நிஜம்தானா என்று பார்க்க இரண்டு ரூபாய்க்குத் தேய்த்தாள், பிறகு பயணச் சீட்டைக் கேட்டாள். விமானச் சீட்டுக்கு எங்கே போவது? டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கொடுக்கிற காசில்லாத டிக்கெட் ஒன்று ரவிக்கைக்குள் மடிந்து கிடந்தது. அதை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் அதை இரண்டு பக்கமும் பார்த்து, ஓரத்தைக் கிழித்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் இனிய பயணமாக அமையட்டும் என்றாள். இனாம் டிக்கெட்டை வைத்து இனாம் லவுஞ்சுக்குள் நுழைந்த அந்த நிமிஷத்தில் பிரமநாயகிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

உள்ளே குளுகுளுவென்று இருந்தது. மெத்தை நாற்காலிகள், இட்லி, பொங்கல், பொடிப்பொடியாக நறுக்கின பழம், அடுப்பு வைத்துத் தோசை வார்த்துக் கொடுக்க ஒரு ஆள். நியாயப்படி சைக்கிள் ஸ்டாண்டின் தகரம் தெரியவேண்டிய பக்கத்தில் பெரிய கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தண்டை விமானங்கள் வருவதும் போவதுமாக இருந்தன. உலகநாதன் ஒரு மணி நேரம் அதைப் பார்த்தார். பிறகு, எல்லாம் லேட்டாகத்தான் எடுக்கிறான், கேட்க ஆள் இல்லை என்று தொழில் முறையில் வருத்தப்பட்டார். பிரமநாயகி சர்க்கரைப் பொட்டலங்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஊர் அதைப் பழகிக்கொண்ட வேகத்தைச் சொல்லவேண்டும். முதல் வாரம் எல்லாரும் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் எல்லாரும் ராஜமுத்திரை கார்டுக்கு மனுப் போட்டார்கள், வங்கி மானேஜருக்குப் பதவி உயர்வு வந்தது. எனக்கு வியாபாரம் படுத்துவிட்டது என்று கறுப்புக்கொடி கட்டின டீக்கடை இசக்கிமுத்தே ஒரு கார்டு வாங்கி, உள்ளே போய்க் காப்பி குடித்துவிட்டு வந்து, டிக்காஷன் பத்தாது என்று ஊரெல்லாம் சொல்லி, அதிலேயே தன் கடைக்கு ஆள் சேர்த்தார். எலுமிச்சை மண்டிக்காரர்கள் பேரத்தை அங்கே மாற்றிக்கொண்டார்கள். பெண் பார்க்கிற வைபவமெல்லாம் லவுஞ்சுக்கு வந்துவிட்டது. பஜ்ஜி சொஜ்ஜிச் செலவு பெண் வீட்டுக்கு மிச்சம், பெண்ணைப் பிடிக்கவில்லை என்றாலும் மாப்பிள்ளை வீட்டார் ஏசியில் இன்னும் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தார்கள். சிங்கப்பூர் செல்லும் பயணிகளே என்று உள்ளே ஒலிபெருக்கி கூப்பிட்டால், சிவகிரியில் நிற்குமா என்று யாராவது கேட்பார்கள்.

ஒரு சங்கடம்தான். உள்ளே போகப் பயணச் சீட்டு வேண்டும் என்பதால், பெண்கள் பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே இறங்கினார்கள், ஆண்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். வாங்கின சீட்டுக்கு மனசு கேட்குமா? மெத்தையில் சாய்ந்திருந்தாலும் ஒரு காது வெளியே கண்டக்டர் விசிலில்தான் இருக்கும். விசில் சத்தம் கேட்டால் பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டுப் பிறகு உட்காருவார்கள்.

இப்படி எல்லாரும் போய்வந்துகொண்டிருக்க, லவுஞ்சை வரவழைத்த பிரமநாயகி மட்டும் தை மாசத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. அவள் கார்டில் இன்னும் ஒரு தடவை மிச்சமிருந்தது. கூட ஒரு ஆளும் மிச்சம். கவுன்சிலர் கேட்டுப் பார்த்தார், கோயில் குருக்கள் பிரசாதத்தோடு வந்து கேட்டார். பார்ப்போம் என்றாள். இனாமைக் கையில் வைத்துக்கொண்டு பிரமநாயகி ஏன் சும்மா இருக்கிறாள் என்பது ஊருக்கு விளங்கவில்லை. லவுஞ்ச் வந்ததுகூட அவர்களுக்கு அவ்வளவு ஆச்சரியமாக இல்லை, இதுதான் ஆச்சரியமாக இருந்தது.

உலகநாதனுக்கு விளங்கியது. அது ஆவுடை விஷயம்.

ஆவுடை, பிரமநாயகிக்கு ஒரே தங்கச்சி. இரண்டு தெரு தள்ளி வீடு. எட்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. காரணம் ஒரு பிரஷர் குக்கர். ஒரு ஆடித் தள்ளுபடியில் இரண்டு பேருமாகத் திருநெல்வேலிக்குப் போய் ஆளுக்கொரு பட்டுச்சேலை எடுத்தார்கள். ஒரே பில்லில் இரண்டு பட்டு எடுத்தால் குக்கர் இனாம் என்று கடையில் சொன்னான். ஒரே பில்லாகப் போட்டார்கள். அங்கேதான் புத்தி பிசகியது. பில் என் பேரில் இருக்கிறது, குக்கர் எனக்கு என்றாள் அக்கா. என் சேலைதான் விலை கூட, என்னால்தான் கிடைத்தது என்றாள் தங்கச்சி. சங்கரன்கோவில் வரும்வரை குக்கர் அக்கா மடியில் இருந்தது, அதற்குப் பிறகு தங்கச்சி மடிக்குப் போனது. சொக்கலிங்கபுரத்தில் பஸ் நிற்பதற்கு முன்பே ஆவுடை குக்கரோடு குதித்து நடையைக் கட்டினாள். ஆனால் மூடியின் மேல் வைக்கிற விசில், எங்கேயாவது உருண்டு போய்விடும் என்று அக்காவின் பர்சில் பத்திரமாக இருந்தது.

அன்று முதல் குக்கர் அங்கே, விசில் இங்கே. விசில் இல்லாத குக்கர் ஆவுடை வீட்டுப் பரணில் பளபளவென்று சும்மா இருந்தது. குக்கர் இல்லாத விசில் பிரமநாயகியின் இடுப்புச் சாவிக்கொத்தில் தொங்கியது. பாத்திரக் கடையில் தனி விசில் சல்லிசாகக் கிடைக்கும்தான்; இனாமாக வந்த சாமானுக்குக் கைக்காசு போட்டால் அப்புறம் அது இனாமா என்று இரண்டு பேருமே கேட்டார்கள், வேறு வேறு வீட்டில் இருந்துகொண்டு. நடுவில் ஆவுடையின் புருஷன் தவறிப் போனார். அக்கா போனாள், அடுக்களையில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் ஆக்கிப் போட்டாள், பரணில் அந்தக் குக்கரைப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தாள். எத்தனையோ தடவை அந்தத் தெரு முனைவரை போய்விட்டு, என்ன சொல்லிக்கொண்டு உள்ளே நுழைவது என்று தெரியாமல், கீரை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறாள். அந்த வீட்டில் அடிக்கடி கீரைதான்.

பங்குனியில் இரண்டு சேதி வந்தது. லவுஞ்ச் வாசலில் ஒரு அட்டை தொங்கியது: இந்தச் சலுகை மார்ச் மாதத்தோடு முடிகிறது. ஊர் கொதித்தது, கவுன்சிலர் உண்ணாவிரதம் இருக்கப்போவதாகச் சொல்லி, லவுஞ்சிலேயே இருக்கலாம் என்று யோசித்து, அங்கே போனால் சாப்பிடாமல் இருக்க முடியாது என்று கைவிட்டார். இன்னொரு சேதியை உலகநாதன்தான் கொண்டுவந்தார். ஆவுடையை அவள் மகன் ஷார்ஜாவுக்குக் கூட்டிப் போகிறான். இனி அங்கேயேதானாம். மார்ச் கடைசி நாள் சாயங்காலம் கார் வருகிறது, மறுநாள் விடிய திருவனந்தபுரத்தில் விமானம்.

அன்றிலிருந்து பிரமநாயகி வீட்டுக்குத் தினமும் கீரை வந்தது.

மார்ச் கடைசி நாள் காலையில் உலகநாதன் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, நாயகி, உன் கார்டுல ஒரு ஆளு இன்னியோட வீணாப் போகுதே என்றார். அவ்வளவுதான் சொன்னார். முப்பது வருஷம் கூட இருந்தவர், அவளை எந்த இடத்தில் தொட்டால் நடப்பாள் என்பது அவருக்குத் தெரியும்.

அவள் விறுவிறுவென்று போனாள். ஆவுடை வீட்டு நடையில் பெட்டிகள் கட்டிக் கிடந்தன. அக்காவைப் பார்த்ததும் ஆவுடை கையிலிருந்த கயிற்றை அப்படியே விட்டுவிட்டாள். இரண்டு பேரும் நின்றார்கள். வெயில் நடைக்குள் வந்துகொண்டிருந்தது.

“கார்டுல ஒரு ஆளு மிச்சம் இருக்கு,” என்றாள் பிரமநாயகி, சுவரைப் பார்த்து. “இன்னியோட போயிரும். வீணாப் போகுதேன்னுதான் வந்தேன்.”

ஆவுடை கீழே விழுந்த கயிற்றை எடுத்துச் சுருட்டிப் பெட்டி மேல் வைத்தாள்.

“அப்ப வரேன். வீணாப் போகக்கூடாதுல்லா,” என்றாள். உள்ளே போய் முகம் கழுவி, பொட்டு வைக்காத நெற்றியில் துண்ணூறு பூசிக்கொண்டு, ஒரு பெரிய பையோடு வந்தாள்.

கவுண்டர்ப் பெண் இரண்டு ரூபாய்க்குத் தேய்த்தாள், இரண்டு டவுன் பஸ் டிக்கெட்டுகளின் ஓரத்தைக் கிழித்தாள். கடைசி நாள் என்பதால் லவுஞ்சில் தேர்க் கூட்டம். குடும்பம் குடும்பமாக, தூக்குவாளியோடு, பாயோடு வந்திருந்தார்கள். அக்காவும் தங்கச்சியும் கண்ணாடிச் சுவர் ஓரம் உட்கார்ந்தார்கள். இட்லி சாப்பிட்டார்கள், பொங்கல் சாப்பிட்டார்கள், பேச்சு வரவில்லை. பிரமநாயகி தன் பக்கத்துச் சர்க்கரைப் பொட்டலங்களை எடுத்துப் பையில் போட்டாள். நிமிர்ந்து பார்த்தால் ஆவுடை அதே நேரத்தில் தன் பக்கத்துப் பொட்டலங்களை எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. பிரமநாயகிக்கு முதலில் உதடு துடித்தது, பிறகு சிரிப்பு வந்தது. ஆவுடை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

மிச்சப் பொங்கலை வீட்டுக்குக் கொண்டுபோக ஆவுடை பையிலிருந்து பாத்திரத்தை வெளியே எடுத்தாள். அது அந்தக் குக்கர். பெரிய பாத்திரமாகப் பார்த்து எடுத்தேன் என்றாள், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. பிரமநாயகி சாவிக்கொத்திலிருந்து விசிலைக் கழற்றினாள். இனாமாக வந்த சாமானை ஒரு தடவைகூடப் பயன்படுத்தாமல் விடலாமா? தோசை ஆளிடம் கெஞ்சி ஒரு அடுப்பையும் கொஞ்சம் அரிசியையும் வாங்கி, தண்ணீர் ஊற்றி மூடி, விசிலை வைத்தார்கள். எட்டு வருஷத்து மௌனத்துக்கும் சேர்த்து அது அடித்தது பாருங்கள் ஒரு விசில்!

லவுஞ்ச் முழுக்க ஒரே ஆளாக எழுந்தது. வண்டி எடுத்துட்டான்டே என்று யாரோ சொன்னார்கள். பாயைச் சுருட்டி, தூக்குவாளியை அணைத்து, மாப்பிள்ளையைப் பெண் வீட்டார் தள்ளி, குருக்களைக் கவுன்சிலர் தள்ளி, கதவுக்கு வெளியே பாய்ந்தார்கள். உலகநாதன் எங்கே ஓடுகிறீர்கள் என்று மைக்கில் கேட்டதையெல்லாம் யாரும் காதில் வாங்கவில்லை. சும்மா நின்றுகொண்டிருந்த தென்காசி வண்டியில் ஏறி, நின்றபடியே போய்விட்டார்கள். அன்றைக்கு அவ்வளவு பேர் தென்காசியில் என்ன செய்தார்கள் என்று தெரியாது, கோயிலுக்குப் போய்விட்டு வந்ததாகச் சொன்னார்கள்.

காலியான லவுஞ்சில் அக்காவும் தங்கச்சியும் சுடுசோற்றில் தயிர் ஊற்றிச் சாப்பிட்டார்கள். ஆவுடை, புருஷன் கடைசி நாட்களில் பட்ட பாட்டைச் சொன்னாள். பிரமநாயகி, அன்றைக்கு உன்கிட்டப் பேசாமல் வந்தது பெரிய பாவம் என்று வாய்விட்டுச் சொன்னாள். கண்ணாடிக்கு அந்தண்டை ஒரு விமானம் மெதுவாக நகர்ந்துபோய் எழும்பியது. பயமா இருக்குக்கா என்றாள் ஆவுடை. அப்படித்தான் இருக்கும், குற்றாலம் வண்டி வளைவுல திரும்பும்போதும் நீ இப்படித்தான் பயப்படுவ என்றாள் அக்கா.

கிளம்பும் நேரத்தில் குக்கரைக் கழுவித் துடைத்து ஆவுடை அக்காவின் மடியில் வைத்தாள்.

“பில்லு உன் பேர்லதானக்கா இருக்கு. நீயே வச்சுக்கோ.”

“உன் சேலைதான் விலை கூட. நீ கொண்டு போ.”

எட்டு வருஷத்துக்கு முந்திப் போட்ட அதே சண்டையை இப்போது தலைகீழாகப் போட்டார்கள், அதே அளவு பிடிவாதத்தோடு. கவுண்டர்ப் பெண் வந்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தாள். கடைசியில் பிரமநாயகி மூடியின் மேலிருந்து விசிலை எடுத்து, தங்கச்சியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

“குக்கர் என்கிட்ட இருக்கட்டும். இதை நீ கொண்டு போ.”

“விசில் இல்லாம அதை வச்சு என்னக்கா செய்வ?”

“ஒண்ணும் செய்ய மாட்டேன். நீ கொண்டாந்து தர்ற வரைக்கும் சும்மாதான் இருக்கும்.”

மறுநாள் காலையில் லவுஞ்ச் இல்லை. கழிப்பறைக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் இடையில் பழைய சந்துதான் இருந்தது, அதில் ஒரு ஆடு நின்றது. ஊர் இரண்டு நாள் முணுமுணுத்தது, இசக்கிமுத்து டீயில் டிக்காஷனைக் குறைத்தார். லவுஞ்சுக்குப் பதிலாக இனி மாசம் ஒரு சினிமா டிக்கெட் இலவசம் என்று வங்கியிலிருந்து தகவல் வந்தது. ஊர்த் தியேட்டர் மூடிப் பல காலமாகிறது. இருந்தாலும் சிலர் பிரமநாயகியைப் பார்த்துவிட்டு, அந்தத் தியேட்டர் பக்கமும் ஒரு எட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆவுடை ஷார்ஜாவிலிருந்து போன் செய்தாள். திருவனந்தபுரத்தில் சோதனை செய்கிறவன் அந்த விசிலைப் பையிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம், இது என்ன என்று கேட்டானாம். எங்க அக்கா வீட்டுக் குக்கரோடது என்று சொன்னாளாம். இப்போது தினமும் போன் வருகிறது. அங்கிருந்து கூப்பிடுவது இனாமாம், அதனால் பேச்சும் நீளமாகத்தான் இருக்கிறது.

சித்திரையில் ஒருநாள், பானைச் சோறு குழைந்துபோன எரிச்சலில் உலகநாதன் பரணில் பளபளக்கும் குக்கரைப் பார்த்தார். பாத்திரக் கடையில் விசில் மட்டும் அறுபது ரூபாய்தான், வரும்போது ஒன்று வாங்கிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார்.

“எதுக்கு?” என்றாள் பிரமநாயகி. “நம்ம விசில்தான் ஷார்ஜாவுல இருக்கே. வந்துட்டுப் போகுது.”

சொல்லிவிட்டு, பானையைக் கழுவி உலை வைத்தாள்.